சக்கரத்தின் முதல் வண்ணம்

(சங்க ஆண்டு விழா அரங்கில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் நின்று காவியச் சுவையையும் அறநெறியையும் எடுத்துரைப்பது வழக்கம். இவ்வாண்டு, பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் நாற்காலியில் அமர்ந்துவிட்ட நம்மை அழைத்து, "நீங்களும் ஏதாவது பேசுங்கள்" என்று செயற்குழுவினர் பணித்துவிட்டனர். காவியம் பேச நமக்குத் தகுதி இல்லை. ஆதலால், நாம் கைப்பட அறிந்த ஒரு சிறு செய்தியைப் பற்றியே பேச எண்ணுகிறோம். அச்செய்தி யாதெனில், பழைய மோட்டார் வண்டி ஒன்றைப் புதுப்பிக்கும்போது அதன் சக்கரத்தின் முதல் வண்ணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதே.

சிலர் புன்முறுவல் செய்வது தெரிகிறது. "சக்கரத்திற்கு வண்ணம் எதுவானால் என்ன? ஓடினால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாமும் அப்படித்தான் கேட்டோம். அக்கேள்வியை அலட்சியமாகக் கேட்டதனால் நேர்ந்த ஒரு பிழையையும், அப்பிழை நமக்குப் புகட்டிய பாடத்தையும் கூறவே இங்கு நிற்கிறோம்.

இம்மண்டபத்தின் வாயிலில், மாவிலைத் தோரணத்தின் கீழ் நிற்கும் வண்டியை உள்ளே வரும்போது அனைவரும் கண்டிருப்பீர்கள். அதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-ஆம் ஆண்டில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த வண்டியே, 1961-ஆம் ஆண்டு முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் நம்மவர் கையால் உருப்பெற்றது. அதன் உருவத்தை வரைந்தவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். முன்புறத்து மூடி முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். அவ்வாறு திறந்தால் இயந்திரமும் முன்சக்கரங்களும் ஒருங்கே கண்ணுக்குத் தெரியும். அக்காலத்தில் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய வண்டிகளுள் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் செய்த அம்பாசடரும், பம்பாய்க் குர்லாவில் செய்த பியட்டும், நம் சென்னை ஹெரால்டுமே மிகுதியாகக் காணப்பட்டன. தமிழ்நாட்டில் பிறந்து, ஆந்திரத்திற்கு வந்து, தெலங்கானத்தில் முதுமை எய்தியிருக்கும் இவ்வண்டியும் நம்மைப் போன்ற குடியேறிதான் என்று கூறினால் அது மிகையாகாது.

இதன் உரிமையாளர் நம் காலனியில் பலருக்கும் தந்தை போல் விளங்கி மறைந்த பெரியவர் ஒருவர். அவர்தம் துணைவியார், எண்பத்தாறு வயது நிறைந்த அம்மையார், இதோ முதல் வரிசையில் வீற்றிருக்கிறார். 1966-இல் முதன்முதல் பதிவான இவ்வண்டியைப் பெரியவர் 1971-இல் வேறொருவரிடமிருந்து விலைக்கு வாங்கினார். அன்றைய நாளில் காலனித் தமிழ்க் குடும்பங்களில் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவரே. ஆகவே அது அவர் வண்டி என்பதைக் காட்டிலும் காலனி வண்டி என்பதே பொருந்தும். பிரசவ வேதனையில் துடித்த பெண்கள் இதில்தான் மருத்துவமனை சென்றார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு இதுவே ஊர்வல வாகனம். ஊரிலிருந்து தந்தி வந்த இரவுகளில் செகந்திராபாத் நிலையத்திற்கு அழுத கண்ணோடு ஓடியவர்களையும் இவ்வண்டியே சுமந்தது. 1999-ஆம் ஆண்டோடு ஓட்டம் நின்று, கொட்டகையில் தூசி மூடிக் கிடந்தது. பெரியவரும் பின்னர் காலமானார்.

"இவ்வண்டி சங்க விழாவிற்கு ஒருமுறை வந்து நிற்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் எனக்குப் போதும்" என்று அம்மையார் ஒருநாள் கூறினார். அந்தச் சொல்லைத் தலைமேற்கொண்டு காலனியில் நாம் நால்வர் சேர்ந்தோம். ஒருவர் மோட்டார் மெக்கானிக். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஒருவர் கணினித் துறை இளைஞர். நான்காமவர் இந்த எழுத்தர்.

இயந்திரத்தைச் சீராக்கியது தனிக்கதை. அதை மெக்கானிக் அன்பரே சொல்வது முறை. உடலின் வண்ணத்தைக் கண்டறிவதும் எளிதாகவே முடிந்தது. கதவின் உட்புற மடிப்பிலும், டாஷ்போர்டின் அடியிலும் வெயிலும் மழையும் தொடாத இளம் பச்சை அப்படியே இருந்தது. ஆனால் சக்கரம் அவ்வாறு அன்று. சேற்றில் புரள்வதும் கல்லில் அடிபடுவதும் பஞ்சர் கடையில் கடப்பாரைக் குத்து வாங்குவதும் அதன் தலைவிதி. வண்டியில் முதலில் வண்ணம் இழப்பதும், கையில் கிடைத்த பெயிண்டால் அடிக்கடி பூசப்படுவதும் சக்கரமே.

சக்கரத்தின் வண்ணத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்க காலத்தில் மரக்கால் சக்கரங்கள் இருந்தன. குதிரை வண்டிக்குச் செய்தது போல் வார்னிஷ் பூசிக் கோடு போட்டு அழகு செய்தார்கள். பின்பு கம்பிச் சக்கரங்கள் பரவின. அதன்பின் அழுத்தி வார்த்த எஃகுத் தகட்டுச் சக்கரங்கள் வந்தன. அமெரிக்காவில் போர்டு கம்பெனியார் 1914 முதல் 1925 வரை தம் மாடல் டி வண்டிகளைக் கறுப்பு வண்ணத்தில் மட்டுமே விற்றனர். 1920-களின் நடுவில் டூக்கோ என்னும் விரைந்து உலரும் பூச்சு வந்தபிறகே பல வண்ணங்கள் மலிந்தன. உடல் ஒரு வண்ணமும் சக்கரம் வேறொரு வண்ணமுமாக அமைப்பது நாகரிகமாயிற்று. ஒரே ஆலையில், ஒரே பெயருள்ள வண்டியில்கூட ஆண்டுக்கு ஆண்டு சக்கர வண்ணம் மாறுவது உண்டு. ஆகவே "ஹெரால்டுக்கு என்ன நிறம்?" என்று கேட்டால் விடை கிடைக்காது. "இந்த ஹெரால்டு ஆலையை விட்டு வந்த நாளில் என்ன நிறம்?" என்று கேட்டால்தான் கிடைக்கும்.

ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இது புரியாத செய்தி அன்று. பெரம்பூர் கோச் தொழிற்சாலை 1955-இல் தொடங்கியது. அக்காலத்துப் பெட்டிகளைக் கண்டவர்கள் ரயில் பெட்டியின் நிறம் செங்காவி என்பார்கள். 1990-களுக்குப் பின் பிறந்தவர்கள் நீலம் என்பார்கள். இருவரும் பொய்யர் அல்லர். ஆண்டைச் சொல்லாமல் நிறத்தைச் சொல்வதுதான் குழப்பத்திற்குக் காரணம்.

நிறம் என்பது வெறும் அழகு அன்று என்பதற்கு நம் நகரத்திலேயே சான்று உண்டு. சார்மினாருக்கு அருகில் உள்ள சௌமஹல்லா அரண்மனையில் 1912-ஆம் ஆண்டின் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் ஒன்று காட்சிக்கு உள்ளது. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் அதனைச் செய்யச் சொன்னார். வண்டி வந்து சேருமுன், 1911-இல் அவர் மறைந்தார். அவருடைய மகன் ஏழாம் நிஜாம் உஸ்மான் அலி கான் காலத்தில் அது அரசச் சிறப்பு வாகனமாயிற்று. இலண்டன் பார்க்கர் கம்பெனியார் அதன் உடலை அமைத்தனர். நெடுங்காலம் ஓடாது கிடந்து, நம் காலத்தில் புதுப்பிக்கப்பட்ட அவ்வண்டியின் நிறம் மஞ்சள். ஆசஃப் ஜாஹி அரசின் கொடியும் மஞ்சள். அவ்வண்டிக்கு யாரேனும் நல்லெண்ணத்தோடு சிவப்பைப் பூசியிருந்தால், அது பளபளப்பாகவே இருந்திருக்கும். ஆனால் அது யாருடைய வண்டி என்று சொல்லும் வாய் அடைபட்டிருக்கும். அரசருடைய வண்டிக்கு ஒரு நீதி, காலனி வண்டிக்கு ஒரு நீதி என்று இருக்க வேண்டுவதில்லை.

நிற்க. இனி நமது பிழையைக் கூறுகிறோம்.

வண்டியைப் பிரித்த முதல் வாரத்திலேயே நான்கு சக்கரங்களையும் கழற்றி, துரு நீக்குவதற்காக ஒரு பட்டறைக்கு அனுப்பினோம். அவர்கள் காற்றின் விசையால் மணலை வீசி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுத்தம் செய்து திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. சொன்ன வேலையைச் செய்தார்கள். "ஒரு விரல் அகலம் தொடாமல் விடுங்கள்" என்று சொல்ல நமக்குத்தான் அறிவு இருக்கவில்லை. சக்கரங்கள் வந்த அன்று மாலை இளைஞர், "அடுத்து என்ன நிறம் பூசுவது?" என்று கேட்டார். அப்போதுதான் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

யாரைக் கேட்பது? இங்கிலாந்தில் கேய்டன் என்னும் ஊரில் உள்ள மோட்டார் அருங்காட்சியகத்தார், அந்நாட்டு வண்டிகள் பலவற்றின் ஆலைக் குறிப்புகளைப் பேணி, கேட்பவர்க்குச் சான்றிதழ் தருகிறார்கள். நம் வண்டியோ சென்னையில் செய்தது. அந்த ஆலையின் உற்பத்தி 1988-இல் நின்றுவிட்டது. ஆகவே காலனிப் பெரியவர்களைக் கேட்டோம். ஒருவர் கறுப்பு என்று சத்தியம் செய்தார். மற்றொருவர் வெள்ளி நிறம் என்றார். இருவரும் இவ்வண்டியிலேயே மணக்கோலத்தில் சென்றவர்கள். அம்மையாரும் வெள்ளி நிறம் என்றே உறுதியாகக் கூறினார்.

புகைப்படங்களைத் தேடினோம். 1972-இல் ஒரு காதுகுத்து விழாவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் சக்கரம் கருமையாகத் தெரிந்தது. 1985-இல் பெரியவரின் மூத்த மகள் திருமணத்தில் எடுத்த வண்ணப் படத்தில் வெளிறித் தெரிந்தது. ஆனால் படத்தை முற்றிலும் நம்புவதற்கில்லை. கறுப்பு வெள்ளைப் படம் ஒரு நிறம் வெளிச்சமானதா இருண்டதா என்று மட்டும் சொல்லும். கருநீலமா, கறுப்பா என்று சொல்லாது. வண்ணப் படத்தின் சாயங்களோ காலப்போக்கில் ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் மங்கி, படத்தையே வேறு நிறமாக்கிவிடும். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் முன்னோர் சொன்னது சக்கரத்திற்கும் பொருந்துகிறது.

விசாரணைக்கு வழி காட்டியது ஐந்தாம் சக்கரம். அதைத்தான் ஸ்டெப்னி என்கிறோம். இச்சொல்லின் பிறப்பையும் குழந்தைகள் அறிந்துகொள்ளலாம். வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரத்தில் ஸ்டெப்னி தெரு என்று ஒரு தெரு உண்டு. அங்கே 1904-இல் இரு சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். அத்தெருவின் பெயரே சக்கரத்திற்கு நிலைத்து, இன்று நம் நாட்டில் மாட்டு வண்டிக்காரரும் அறிந்த சொல்லாகிவிட்டது. நம் ஹெரால்டின் ஸ்டெப்னி, பின்புற டிக்கியின் தரைப்பலகைக்கு அடியில், சாக்குத் துணி சுற்றி உறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பட்டறைக்கு அனுப்ப மறந்திருந்தோம். வாழ்வில் மறதி நமக்குச் செய்த உதவிகளுள் இதுவே தலையாயது.

பழைய சக்கரத்தில் எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்லுகிறோம். முதலாவது, வீல் கப் மூடியிருக்கும் நடுப்பகுதி. இரண்டாவது, பிரேக் டிரம்மை நோக்கிய பின்முகம். வெளியே தெரியாத பக்கம் என்று மறுபூச்சுக்காரர்கள் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மூன்றாவது, டயருக்கு அடியில் ரிம்மின் உட்பள்ளம். ஆலையில் டயர் மாட்டுமுன்பே சக்கரத்திற்கு வண்ணம் பூசுவார்கள். பிற்காலத்தில் பூசுவோரோ டயரைக் கழற்றாமலே தூரிகையை ஓட்டுவார்கள். எனவே டயருக்கு உள்ளே துரு தின்னாமல் எஞ்சியிருப்பது பெரும்பாலும் முதற்பூச்சாகவே இருக்கும்.

வெளிமுகத்தில் நாலணா நாணயம் அளவுக்கு மட்டும் ஓர் இடத்தைத் தேர்ந்து, மிக நுண்ணிய வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, மெல்ல வட்டமாகத் தேய்த்தோம். பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதன் தூள் மூச்சில் ஏறுவது தீது. ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்கலாகாது. குழந்தைகளையும் அருகில் விடலாகாது. நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலாகவும் தேய்த்தால், வெட்டிய மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல் ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாக வெளிப்படும்.

எல்லாவற்றிற்கும் மேலே அலுமினியப் பெயிண்டின் வெள்ளி வளையம். அதற்கு உள்ளே கறுப்பு வளையம். அதற்கும் உள்ளே பாலேடு போன்ற ஒரு மங்கல் வெண்மை. அதற்குள் ரெட் ஆக்சைடு பிரைமரின் செம்மை. நடுவில் இரும்பு. வெள்ளி என்றவரும் மெய் சொன்னார். கறுப்பு என்றவரும் மெய் சொன்னார். இருவரும் காணாத மூன்றாவது மெய் ஒன்று அடியில் இருந்தது.

ஆயினும் அவசரப்படலாகாது என்று ஆசிரியர் எச்சரித்தார். பாலேட்டு நிறம் கறுப்பிற்கு அடியில் இட்ட அடிப்பூச்சாக இருக்கலாம் அல்லவா? உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு நோக்கினோம். பிரைமருக்கும் பாலேட்டு நிறத்திற்கும் இடையே அழுக்கு ஒன்றும் இல்லை. இரண்டும் அடுத்தடுத்துப் பூசப்பட்டவை. பாலேட்டு நிறத்திற்கும் கறுப்பிற்கும் இடையிலோ மெல்லிய புழுதிக் கோடும் துருப்புள்ளிகளும் தெரிந்தன. அப்படியானால் பாலேட்டு நிறத்தோடு அச்சக்கரம் சாலையில் ஓடியிருக்கிறது என்பது தெளிவு. டயரைக் கழற்றிப் பார்த்தோம். உட்பள்ளத்தில் கறுப்பும் இல்லை, வெள்ளியும் இல்லை. பாலேட்டு நிறம் மட்டுமே இருந்தது.

மற்றொரு ஐயமும் எழுந்தது. இந்த ஸ்டெப்னி வேறு வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால்? சக்கரங்களில் அச்சடித்த குறிகளை ஒப்பிட்டோம். ஐந்தும் ஒத்திருந்தன. பிறகு, மணல் வீசிய நான்கையும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி வைத்துத் துழாவினோம். ரிம்மும் நடுத்தட்டும் சேரும் இடுக்கில், மணல் புகாத ஓரிடத்தில், கடுகளவு பாலேட்டு நிறம் ஒட்டியிருந்தது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பதை அன்று கண்டோம்.

நிறம் இன்னதென்று தெரிந்துவிட்டது. ஆனால் எத்தனை மஞ்சள் கலந்த வெண்மை? இங்குதான் ஒரு நுட்பம் உள்ளது. எண்ணெய் கலந்த எனாமல் பூச்சுகள் வெளிச்சம் படாத இருளில் நெடுநாள் கிடந்தால் மஞ்சளிக்கும். வெளிச்சத்தில் வைத்தால் அம்மஞ்சளில் ஒரு பகுதி மீண்டும் வெளுக்கும். டயருக்கு அடியில் கண்ட நிறத்தை அப்படியே படி எடுத்திருந்தால், பழைய நிறத்தை விடுத்து அதன் முதுமையைப் பூசியிருப்போம். ஆகவே ஸ்டெப்னியை டயரின்றி மொட்டை மாடியில் மூன்று வாரம் வைத்தோம். நிறம் கண்கூடாக வெளிறியது.

அதன்பின் பெயிண்ட் கடையில் உள்ள கருவியால் அளந்தோம். ஒளியின் ஒவ்வோர் அலைநீளத்திலும் எவ்வளவு திருப்பி வீசப்படுகிறது என்பதை அக்கருவி அளந்து, எந்த நிறமியை எவ்வளவு சேர்ப்பது என்று கணக்கிட்டுக் கொடுக்கும். இந்தியத் தர நிறுவனத்தாரின் ஐ.எஸ். 5 என்னும் வண்ணப் பட்டியலும் உண்டு. ஜெர்மனியில் 1927-இல் நாற்பது வண்ணங்களோடு தொடங்கிய ரால் பட்டியலும் உண்டு. ஆயினும் கருவி சொன்னதே முடிவு என்று விட்டுவிடக்கூடாது. இரு வண்ணங்கள் டியூப் லைட் ஒளியில் ஒன்று போலத் தோன்றி, வெயிலில் வேறாக நிற்பது உண்டு. சேலைக் கடையில் ரவிக்கைத் துணி பொருத்தி வாங்கி, வீட்டு வாசலில் ஏமாந்த தாய்மார்களுக்கு இதை நாம் விளக்க வேண்டுவதில்லை. ஏழு மாதிரித் தகடுகளைப் பூசி, காலை வெயிலிலும் நிழலிலும் விளக்கொளியிலும் ஒப்பிட்டு, ஐந்தாவதைத் தேர்ந்தோம்.

வெற்றிச் செய்தியோடு அம்மையாரிடம் சென்றோம். ஸ்டெப்னியை அவர் முன் வைத்து வளையங்களை ஒவ்வொன்றாகக் காட்டினோம். அவர் பாலேட்டு வளையத்தைப் பார்க்கவில்லை. மேலிருந்த வெள்ளிப் பூச்சை விரலால் தடவினார். பிறகு கூறினார்:

"தம்பி, இது அவர் பூசியது. கறுப்புச் சக்கரம் அவருக்குப் பிடிக்காது. மகள் கல்யாணத்துக்கு முதல்நாள் இரவு, பந்தல்காரர்கள் போன பிறகு, வாசலில் பாயைப் போட்டுக்கொண்டு ஐந்து சக்கரத்துக்கும் அவரே பூசினார். மறுநாள் தாரை வார்க்கும்போதும் அவர் நகக்கண்ணில் வெள்ளி ஒட்டியிருந்தது. மற்ற நாலும் எங்கே?"

நாம் விடை சொல்லவில்லை. மணல் வீசிய செய்தியை மெக்கானிக் அன்பரே தயங்கித் தயங்கிக் கூறினார். "அப்படியானால் அவர் பூசியதெல்லாம் போயிற்றா?" என்று கேட்டார் அம்மையார். கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடிந்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு நால்வருக்கும் உறக்கமில்லை. இளைஞர், "ஆலையின் வண்ணமே சரியானது. அதற்காகத்தானே இத்தனை பாடு" என்றார். ஆசிரியர், "அம்மா வாழும் காலம்வரை வெள்ளி நிறமே இருக்கட்டும்" என்றார். மெக்கானிக் அன்பரும், "வெள்ளி பூசுவது ஒரு மணி நேர வேலை" என்றார். நமக்கு அலுவலக நினைவு வந்தது. கணக்கேட்டில் தவறு நேர்ந்தால் அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, மேலே எழுதக் கூடாது. ஒரே கோடாக அடித்து, சரியானதை அருகில் எழுதி, கையொப்பம் இட வேண்டும் என்பது பணியில் சேர்ந்த முதல் நாளில் நமக்குச் சொல்லப்பட்ட விதி. நான்கு பக்கங்களை நாம் சுரண்டிவிட்டோம். இப்போது வெள்ளி பூசினாலும் அது நமது வெள்ளிதான். பெரியவரின் வெள்ளி ஆகாது. அது பரிவினால் செய்யும் பொய்க் கையொப்பம்.

பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 1966-இல் தோன்றியது. அது 2012-இல் ஏற்றுக்கொண்ட துரின் சாசனமும் இக்கருத்தையே வேறு வகையில் கூறுகிறது. வண்டி ஆலையில் பிறந்த நிலை மட்டும் வரலாறு அன்று. அதன் வாழ்நாளில் ஏற்பட்ட மாற்றங்களும் வரலாறே. செய்த பழுதுபார்ப்புகளை எழுதிவைத்தலும் கடமையே. நம் மத்திய அரசு 2021-இல் வகுத்த விதிகளும், பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகள் மூல வடிவத்தில் பேணப்பட்டிருந்தால் தொன்மை வாகனமாகத் தனிப் பதிவு பெறலாம் என்று இடம் தருகின்றன. சக்கரத்தின் வண்ணத்தை அவ்விதிகள் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் நாமே.

மறுநாள் மாலை மீண்டும் சென்று, மூன்று கருத்துகளையும் அம்மையாரிடமே ஒளிக்காமல் சொன்னோம். வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அவர் கை பட்டது ஒன்றாவது இருக்கிறது அல்லவா? அதைத் தொடாதீர்கள். மற்ற நாலும் வண்டி பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும். அவரும் பார்க்காத நிறம்தானே? நானாவது பார்த்துவிட்டுப் போகிறேன்" என்றார்.

அவ்வாறே செய்தோம். வாயிலில் நிற்கும் வண்டியின் நான்கு சக்கரங்களும் பாலேட்டு நிறத்தில் உள்ளன. டிக்கியைத் திறந்தால், தரைப்பலகையின் மேல் ஐந்தாம் சக்கரம் வெள்ளி நிறத்தோடு, தூரிகை ஓடிய வரிகளோடு, நாம் தேய்த்த நாலணா அளவு வளையத்தோடு இருக்கிறது. அதனைப் பலகைக்கு அடியில் மறைத்து வைக்கலாகாது என்பது அம்மையாரின் கட்டளை. நாம் என்ன கண்டோம், எதை அழித்தோம், எதைப் பூசினோம் என்பதை ஆண்டோடு எழுதி, நால்வரும் கையொப்பமிட்ட தாள் ஒன்று டாஷ்போர்டு அறையில் உள்ளது. நாம் செய்த பிழையும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. நாளை வேறொருவர் இவ்வண்டியைப் புதுப்பிக்க நேர்ந்தால், அவர் நம்மைப் போல் இருளில் துழாவ வேண்டியதில்லை.

காலனியில் உள்ள குடும்பத்தாருக்கு நமது வேண்டுகோள் மூன்று. முதலாவது, வீட்டில் உள்ள பழைய பொருள் எதுவாயினும், அது பாட்டியின் தகரப் பெட்டியோ, தையல் இயந்திரமோ, தந்தையார் அலுவலகம் சென்ற சைக்கிளோ, அதைப் புதுக்குமுன் ஒரு விரல் அகலமாவது பழையபடி விட்டுவையுங்கள். இரண்டாவது, பழைய புகைப்படங்களின் பின்புறத்தில் ஆண்டையும் ஊரையும் பென்சிலால் எழுதிவையுங்கள். மூன்றாவது, எதையும் சுரண்டுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் நிறம் முதல் நிறமாக இல்லாதிருக்கலாம். ஆனால் அந்த நிறத்தைப் பூசியவர் யார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அதை நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்று ஐந்து சக்கரங்களிலும் பெரியவரின் கைவரிகள் இருந்திருக்கும்.

விழா முடிந்ததும் அம்மையார் அவ்வண்டியில் ஏறிக் காலனியை ஒருமுறை சுற்றிவர இசைந்திருக்கிறார். மெக்கானிக் அன்பர் ஓட்டுவார். குழந்தைகள் பின்னால் ஓடிவரலாம். வண்டியின் மேல் கை வைக்க வேண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். பூச்சு இன்னும் முழுவதும் இறுகவில்லை.